கவசம் ஒரு நாள் விட்டுப்போனால் காவலும் போய்விடுமா?

பிறைநிலா (பட்டர்வொர்த்)

வணக்கம். திருமுறையும் வழிபாட்டு முறையும் தெரிந்தவர்கள் கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள். வீட்டில் தினமும் கந்தர் சஷ்டி கவசம் ஓதுகிறோம். மகனுக்குப் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். மோட்டாரில் பாலம் கடந்து போகிறான். மாமியாருக்கு 79 வயது. படுத்தால் இருமல், “தூங்கினால் எழுந்திருப்பேனா” என்ற பயம். இந்த இரண்டு பேருக்காகவும்தான் ஓதுவது.

ஒரு நாள் விட்டுப்போனால் அன்று முழுக்க மனம் பதறுகிறது. காவல் இல்லாமல் பிள்ளையை அனுப்பிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அப்படி விட்டுப்போன நாளில் என்ன செய்ய வேண்டும்? 36 முறை ஓதினால்தான் பலன் என்கிறார்களே, அது முடியாதவர்களுக்கு என்ன வழி? மகன் கையில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றை ஃபேக்டரியில் கழற்றச் சொல்கிறார்கள், கழற்றலாமா? வீட்டுக்குக் ‘கட்டு’ (மந்திரக் காவல்) போட்டுத் தருவதாக ஒருவர் 880 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், 48 நாள் பூஜையாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இவ்வளவு ஓதியும் ஒரு விபத்தோ நோயோ வந்துவிட்டால், சாமி காப்பாற்றவில்லை என்றா எடுத்துக்கொள்வது?


திருமுறை வகுப்பு (ஜார்ஜ்டவுன்)

அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

காப்புக்காக நம் வீடுகளில் ஓதுவதில் கவசத்துக்கு அடுத்தது கோளறு பதிகம். இரண்டாம் திருமுறையில் 85-வது பதிகம், 11 பாட்டு, ‘வேயுறு தோளி பங்கன்’ என்று தொடங்கும். அது பிறந்த சூழ்நிலையைக் கவனியுங்கள். சம்பந்தர் திருமறைக்காட்டில் இருக்கிறார். மதுரையிலிருந்து பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் அழைப்பு வருகிறது. கூட இருக்கும் அப்பர், கோள்நிலை சரியில்லை, அங்கே அரசனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட சமணர்கள் வஞ்சனைக்கு அஞ்சாதவர்கள், இப்போது போக வேண்டாம் என்று தடுக்கிறார். தடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் இருந்து வெளியே வந்தவர். அந்த எச்சரிக்கைக்குப் பதிலாகத்தான் சம்பந்தர் இந்தப் பதிகத்தைப் பாடிவிட்டுப் புறப்பட்டார்.

பாட்டில் என்ன சொல்கிறார்? கோள்கள் இடம் மாறிவிடும் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒன்பதையும் பெயர் சொல்லி அடுக்கி, அவை ‘நல்ல நல்ல’ என்கிறார். காரணத்தையும் அங்கேயே வைக்கிறார்: ‘உளமே புகுந்த அதனால்’. அவன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான், அதனால் வெளியே இருப்பவை நல்லவை. காவல் வீட்டு வாசலில் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது. அடுத்தடுத்த பாட்டுகளில் பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள், நமனும் தூதரும், இடி மின்னல், புலி யானை பாம்பு கரடி, காய்ச்சல் குளிர் வாதம் பித்தம் என்று மனிதன் பயப்படுகிற எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியலே போடுகிறார். பயத்துக்குப் பெயர் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதே பாதி மருந்து.

இனிமேல் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பதிகத்தைப் பாடிவிட்டு மதுரை போனவருக்கு அங்கே என்ன நடந்தது? அவர் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் தீ வைத்தார்கள். கோளறு பதிகம் பாடியவர் தங்கிய இடத்திலேயே தீ! காப்பு என்பது ‘கெட்டது எதுவும் பக்கத்தில் வராது’ என்ற உத்தரவாதமாக இருந்திருந்தால் அந்தத் தீ வந்திருக்கவே கூடாது. வந்தது. ஆனால் அவர் கலங்கவில்லை, மதுரையை விட்டு ஓடவும் இல்லை. ‘செய்யனே’ என்று தொடங்கும் பதிகம் பாடினார். மூன்றாம் திருமுறையில் 51-வது. அந்தத் தீ அரசனைப் போய்ச் சேரட்டும் என்றவர், ‘பையவே’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். மெதுவாகப் போகட்டும். ஏன் மெதுவாக? மங்கையர்க்கரசியாரின் தாலி நிலைக்க வேண்டும், அமைச்சர் குலச்சிறையார் அன்பு வீண்போகக் கூடாது, அரசன் திரும்பிச் சிவநெறிக்கு வர வேண்டும் என்று சேக்கிழார் காரணங்களை அடுக்குகிறார். தன் கூரை எரிகிற நேரத்திலும் அடுத்த வீட்டுப் பெண்ணின் தாலியை நினைக்கிற மனசு. தீ வெப்புநோயாகி அரசனைப் பிடித்தது. அதைத் தீர்த்ததும் சம்பந்தர் பூசிய திருநீறுதான்.

ஆகவே மகனுக்கு ஏதாவது நேர்ந்தால் ‘சாமி கைவிட்டுவிட்டார்’ என்று பொருள் இல்லை. ‘நான் ஓதியது பத்தவில்லை’ என்றும் பொருள் இல்லை. இந்த இரண்டாவது எண்ணம்தான் வீடுகளில் அதிகம் கேடு செய்கிறது. அது தாயைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குச் சிறியதாக ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு பஞ்சாக்கரப் பதிகத்தின் ஆறாம் பாட்டு (மூன்றாம் திருமுறை, 22-வது பதிகம், ‘துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்’ என்று தொடங்குவது). நாலே வரி, நிதானமாகச் சொன்னால் 20 நொடி. ‘தும்மல் இருமல்’ என்று ஆரம்பித்து நரகம் வரைக்கும் போய், ‘அம்மையினும் துணை அஞ்செழுத்துமே’ என்று முடிகிறது. அம்மை என்றால் மறுமை. தும்மலில் தொடங்கி மறுமையில் முடிகிற பாட்டு. மாமியாரின் இருமலுக்கும் அதில் இடம் இருக்கிறது, அவர் பயப்படுகிற மறுகரைக்கும் இடம் இருக்கிறது. ‘துணை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். கூட வருகிறவன் என்று அர்த்தம்.

இதை மகன் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் ஒரு முறை, மாமியார் படுக்கும்போது ஒரு முறை, நீங்கள் விளக்கேற்றும்போது ஒரு முறை. இது தினசரி. கவசமும் கோளறு பதிகமும் நேரம் இருக்கும்போது. கோளறு பதிகத்தை வாசித்தால் 7, 8 நிமிடம் ஆகும், பண்ணோடு பாடினால் அதைப்போல் இரண்டு மடங்கு. வாரம் ஒரு பாட்டு மனப்பாடம் செய்தால் 11 வாரத்தில் முடிந்துவிடும்.

மனப்பாடம் செய்யும்போது பலரும் தவறுகிற இடம் ஒன்று. ‘ஆசறு நல்ல நல்ல’ என்பதை ‘ஆசையறு’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆசு என்றால் குற்றம். ஆசு அறும் நல்ல. அதேபோல் ‘வேயுறு தோளி’யில் வேய் என்பது மூங்கில். பொருள் தெரிந்துவிட்டால் நாக்கு தடுமாறாது. வரிகள் நீளம், அரைவரியில் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் இழுக்கப் பார்த்தால் கடைசிச் சொற்கள் விழுங்கப்பட்டுவிடும், பொருளே அந்தக் கடைசிச் சொற்களில்தான் இருக்கிறது.


மலையடித் தொண்டர் (தண்ணீர்மலை)

கயிறு, கட்டு, விளக்கு இந்த மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

கயிற்றைத் தாராளமாகக் கழற்றலாம். ஃபேக்டரியில் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிப் செய்கிற கிளீன் ரூமில் (தூசி புகாத அறை) நூல் இழை உதிரக் கூடாது. திருநீறு, பவுடர் எதுவும் நெற்றியில் இருக்கக் கூடாது, ஒரு துகள் விழுந்தாலும் சிப் கெட்டுவிடும். மணிக்கட்டில் உடம்பின் நிலைமின்சாரத்தை வடிக்கும் பட்டை போடுகிற வேலையாக இருந்தால் அது தோலை நேராகத் தொட வேண்டும், நடுவில் கயிறு இருந்தால் தொடுப்பு விட்டுப்போகும். ஓடுகிற இயந்திரம் பக்கத்தில் வேலை என்றால் கயிறு சிக்கிக் கையையே இழுத்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் நீறு பூசி, வேலை வாசலில் முகம் கழுவிவிட்டு உள்ளே போகலாம். பூசிய பலன் தண்ணீரோடு போகாது. கயிறு நைந்து, அழுக்கேறி, ஈரத்தில் தோல் அரிக்கிறது என்றால் அவிழ்த்து ஓடும் நீரிலோ செடியடியிலோ போட்டுவிடுங்கள். கோயில் காப்பே விரதம் முடிந்ததும் அவிழ்ப்பதற்குத்தான் கட்டுகிறோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களும் நேர்த்தி முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுகிறார்களே.

‘கட்டு’ விஷயத்தில் உறுதியாக இருங்கள். கொடுக்காதீர்கள். 48 நாள் என்பது ஒரு மண்டலம், அது நல்ல முறைதான், ஆனால் அதை வீட்டில் நீங்களே செய்யலாம், ஒரு காசு செலவில்லை. கோயிலில் அர்ச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் விலை கவுண்டரில் எழுதி ஒட்டியிருக்கும், சீட்டு கிடைக்கும். இந்த மாதிரி ஆட்களிடம் சீட்டு இருக்காது. முதலில் ஒரு பயத்தைச் சொல்வார்கள் (யாரோ செய்துவைத்திருக்கிறார்கள், வீட்டில் ஒரு உயிர் போகும்), பிறகு யாரிடமும் சொல்லாதே என்பார்கள், கொஞ்ச நாளில் ‘நினைத்ததைவிடப் பெரிசா இருக்கு’ என்று இன்னும் கேட்பார்கள். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே பேச்சை நிறுத்திவிடுங்கள். யாராவது அவசரத்தில் பேங்க் வழியாக மாற்றிவிட்டால் தாமதிக்காமல் பேங்குக்கும் 997-க்கும் அழைக்கச் சொல்லுங்கள், மோசடிப் பணமாற்றத்துக்கு என்றே மலேசியாவில் உள்ள எண் அது.

விளக்கு. பிளாட் வீடு என்றால் சாமி மேடைக்கு மேலே குறைந்தது இரண்டு முழம் காலியாக இருக்க வேண்டும். திரைச்சீலை, காலண்டர், பிளாஸ்டிக் மாலை எதுவும் சுடருக்கு மேலே தொங்கக் கூடாது. காமாட்சி விளக்கைப் பித்தளைத் தட்டில் வைத்து ஏற்றுங்கள், வழிந்த எண்ணெய் தட்டில் தங்கும், மேசை விரிப்பு நனையாது. அரை மணி நேர வழிபாட்டுக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். கரி படிகிறது, புகைகிறது என்றால் திரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பச்சைப்பயறு அளவு வெளியே இருந்தால் போதும். படபடவென்று பொரிந்தால் திரியில் ஈரம். நம் ஊர்க் காற்றில் பஞ்சுத்திரி ஈரம் இழுத்துக்கொள்ளும், மூடி போட்ட டின்னில் வையுங்கள். அதை அபசகுனம் என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத்திரி பொரிந்ததற்கு வேறு பொருள் கிடையாது.

மகன் வேலை முடிந்து வரும்வரை விளக்கு எரிய வேண்டும் என்று விடிய விடிய விட்டுவிட்டுத் தூங்குவது பெரிய தவறு. நீங்கள் விழித்திருக்கும் நேரம் மட்டும் எரியட்டும். படுக்கப் போகும்முன் பூவால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்துங்கள், ஊதி அணைக்க வேண்டாம்.

வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்குவது புது வண்டிக்கு ஒரு நாள் செய்கிற சடங்கு. தினமும் தேவையில்லை. மோட்டார் கைப்பிடியில் பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுவதைத் தவிருங்கள், பிரேக் ஒயரில் போய் மாட்டிக்கொள்ளும்.


வேலன் அடிமை (கெப்போங்)

மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 36 முறை என்பது யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இல்லை, கவசத்திலேயே இருக்கிறது: ‘ஒருநாள் முப்பத்தாறு உருக்கொண்டு’. அதை முடியாது என்று சுருக்கிக்கொண்டே போனால் நம்பிக்கை எங்கே நிற்கும்? கவசம் தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு உறுப்பையும் பெயர் சொல்லி ‘காக்க’ என்று கேட்கிறது. கேட்டால் முருகன் காப்பான். உள்ளே புகுந்தான், துணை வருவான் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், உடம்பைக் காக்கச் சொல்லிக் கேட்பதே தப்பு என்பது போல ஆகிவிடாதா?


திருமுறை வகுப்பு (ஜார்ஜ்டவுன்)

ஐயா, கேட்பது தப்பே இல்லை. பிள்ளையின் கண்ணைக் காக்க, காலைக் காக்க என்று ஒரு தாய் வாய்விட்டுக் கேட்பதைவிடப் பெரிய வழிபாடு எது? கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

36 கவசத்தில் இருக்கிறது, சரி. அந்த வரிக்கு முன்னால் வருவதையும் சேர்த்துப் படியுங்கள். காலையில் மாலையில் ‘கருத்துடன்’, ‘நேசமுடன் ஒருநினைவது ஆகி’, ‘சிந்தை கலங்காது’. இத்தனையும் சொன்ன பிறகுதான் எண்ணிக்கை வருகிறது. ஒரு முறை ஓத 12 நிமிடம் என்று வைத்தால் 36 முறைக்கு 432 நிமிடம், ஏழு மணி நேரத்துக்கு மேல். சஷ்டி விரதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, நடுவில் நீர் குடித்து ஓதுவது உயர்ந்த சாதனை. செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும். சமையலும் வேலையும் நோயாளியும் உள்ள வீட்டில் ஒரு தாய் பதறிப் பதறி 36-ஐ முடிக்கப் பார்த்தால், கவசம் முதலில் கேட்ட ‘சிந்தை கலங்காது’ அங்கேயே போய்விடுகிறது. ஒரு முறையே ஓதுங்கள். ஒவ்வொரு உறுப்பின் பெயர் வரும்போதும் மனத்தை அந்த உறுப்பில் வையுங்கள்: நெற்றி என்றால் நெற்றி, கண் என்றால் கண். மகனுக்காக ஓதும்போது மகனின் நெற்றி, மகனின் கண். வேகமாக ஓடினால் இது முடியாது, அதனால் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

கவசம் ஓதுகிறவர்களுக்கு உடம்பில் அடி படாதா என்றால், சண்முக கவசம் தந்தவரையே பாருங்கள். பாம்பன் சுவாமிகள் 1891-இல் பாடியது அது. உயிர் 12, மெய் 18, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாட்டாக 30 பாட்டு. அதைப் பாடிய மகானே 1923 டிசம்பரில் சென்னை தம்புச் செட்டித் தெருவில் நடந்து போகும்போது குதிரை வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்தது. பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுவாமிகளும் மருத்துவமனைக் கட்டிலில்தான் படுத்திருந்தார், வைத்தியம் வேண்டாம் என்று மடத்துக்குத் திரும்பவில்லை. சீடர்கள் அவருக்காகச் சண்முக கவசம் ஓதினார்கள். சுவாமிகள் கட்டிலில் இருந்தபடியே மயில்களையும் முருகனையும் கண்டார் என்பார்கள். எலும்பு கூடியது. அந்த நிகழ்ச்சியை மயூரவாகன சேவனம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். கவசம் பாடியவருக்கே கால் முறிந்தது, ஆனால் அதற்காகக் கவசம் பொய்த்துவிட்டது என்று ஒரு சீடர்கூட எண்ணவில்லை. வண்டி இடித்ததும், டாக்டர் பார்த்ததும், சீடர் ஓதியதும், முருகன் வந்ததும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. இதில் எதையும் பிரித்து எடுக்க வேண்டியதில்லை.

விட்டுப்போன நாளுக்குப் பரிகாரம் கேட்டீர்களே, அம்மா. ஒன்றும் இல்லை. மறுநாள் வழக்கம்போல ஓதுங்கள், இரண்டு மடங்கு ஓதிக் கடன் தீர்க்க வேண்டாம். கடன் என்ற எண்ணம் வந்துவிட்டால் சாமி கடன் வசூலிக்க வருகிறவர் ஆகிவிடுவார், பிறகு அன்பு எப்படி வரும்? வீட்டுவிலக்கு நாளில் விளக்கை வேறொருவர் ஏற்றட்டும், நீங்கள் மனத்துக்குள் சொல்லுங்கள். ஐந்தெழுத்தை மனத்தால் நினைக்க எந்த நாளும் தடையில்லை.


வேலன் அடிமை (கெப்போங்)

‘சிந்தை கலங்காது’ என்ற வரியை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐப்பசி சஷ்டியில் ஒரு நாளாவது 36 உரு ஓதப் பாருங்கள் அம்மா, கூட்டாகச் செய்தால் முடியும்.


மோட்டார் பயிற்றுநர் (பிறை)

பாலம் கடக்கும் பிள்ளைக்குச் சுருக்கமாக. ஹெல்மெட்டில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா பாருங்கள். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும், நாலு விரல் நுழைந்தால் விழும்போது தலையை விட்டுக் கழன்று போய்விடும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நசுங்கினால் மறுபடி உப்பாது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலுக்கு மேலே. குறுக்குக் காற்று லாரி கடந்துபோன அடுத்த நொடியில்தான் தள்ளும், அதை எதிர்பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் ரோட்டு எண்ணெய் மிதக்கும், அப்போதுதான் வழுக்கல் அதிகம். மழைச்சட்டை கறுப்பு வேண்டாம். நீள ருத்ராட்ச மாலை போட்டால் சட்டைக்குள் விட்டுவிடச் சொல்லுங்கள்.

12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் திரும்புவதுதான் ஆபத்து, போகும்போது அல்ல. கண் சொக்கினால் 20 நிமிடம் ஃபேக்டரியிலேயே தூங்கிவிட்டு வரட்டும். நீங்களும் “எங்கே இருக்கே” என்று போன் அடிக்காதீர்கள். பாக்கெட்டில் போன் அலறினால் கை தானாக அங்கே போகும்.


பிறைநிலா (பட்டர்வொர்த்)

அந்தக் கடைசி வரி எனக்கே சொன்னது போல இருக்கிறது. இன்று முதல் அடிக்க மாட்டேன். கட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மாமியார் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். “எனக்கு இனி என்ன காப்பு, நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன்” என்கிறார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு தடவை ஏறிவிட்டால் நிம்மதி என்கிறார், முட்டியால் முடியவில்லை. சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நாங்கள் “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று அடக்கிவிடுகிறோம். அது சரியா?


வார்டு தாதி (கோலாலம்பூர்)

முதலில் உடம்பு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கிளினிக்கில் சளி சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். படுத்தால் மட்டும் மூச்சுத் திணறுகிறது, இரவில் எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது, கால் வீங்குகிறது என்றால் அது இருதயக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம், காத்திருக்க வேண்டாம். தலைப்பக்கம் இரண்டு மூன்று தலையணை வைத்து உயர்த்திப் படுக்க வையுங்கள். அவர் அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் வேண்டாம், புகை இருமலைக் கூட்டும். திருநீற்றை விரல் நுனியில் தொட்டு நெற்றியில் ஒற்றினால் போதும். மேலே தூவினால் மூக்குக்குள் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வார்டில் விளக்கோ கற்பூரமோ கூடவே கூடாது. ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். போனில் தேவாரம் வைக்கலாம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத அளவு சத்தத்தில், தலையணை ஓரமாக.

சாவைப் பற்றிப் பேச்செடுக்கும்போது அடக்காதீர்கள். “அப்படிப் பேசாதீங்க” என்றதும் அவர் தனியாகிவிடுகிறார், பயம் அப்படியே உள்ளே இருக்கிறது. “என்ன நினைச்சுப் பயமா இருக்கு, மாமி?” என்று கேட்டுவிட்டு, நடுவில் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். சிலருக்கு வலி வருமோ என்ற பயம், சிலருக்கு மூச்சு முட்டுமோ என்ற பயம். இன்னும் சிலருக்குச் செய்த தவறு ஒன்று மனத்தில் கிடக்கும், அல்லது பேசாமல் இருக்கும் மகனோ மகளோ. மூச்சுக்கும் வலிக்கும் டாக்டரிடம் மருந்து இருக்கிறது, அதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டுக் கொடுங்கள். மீதி இருப்பதற்குத்தான் சாமி பெயர். வரிசை மாறிவிடக் கூடாது: மூச்சு முட்டுகிறவரிடம் முதலில் “நமசிவாய சொல்லுங்க” என்றால் அவரால் சொல்ல முடியாது. சொல்ல முடியவில்லையே என்றே இன்னொரு பயம் வரும்.

தூங்கும் நேரத்துக்கு ஒரு முறை. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், விடும்போது மெதுவாகச் ‘சிவாய நம’. வெளிமூச்சு நீளமானால் நெஞ்சுப் படபடப்பு தணியும். பத்து மூச்சு போதும், எண்ண வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அதே வேகத்தில் சொன்னால் அவர் மூச்சு உங்களோடு சேர்ந்துகொள்ளும். வாய் பேச முடியாத நிலை வந்தாலும் கேட்கிறார் என்று வைத்தே பேசுங்கள். அவர் தலைமாட்டில் நின்று நகைக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் பேச வேண்டாம்.


மலையடித் தொண்டர் (தண்ணீர்மலை)

மேலே 513 படி. முட்டி வலி உள்ளவரை ஏற்ற வேண்டாம், இருதயம் சரியில்லை என்றால் கண்டிப்பாக வேண்டாம். அடிவாரத்தில் கணேசர் கோயில் இருக்கிறது, அங்கே சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மலையைப் பார்த்துக் கும்பிட வையுங்கள். வார நாள் காலையில் வந்தால் கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் மேலே இருக்கிற பாலதண்டாயுதபாணிக்குத் தெரியும். தைப்பூச நாளில் கீழே நின்று “வேல் வேல்” என்று கூப்பிடுகிற கிழவிகள் எத்தனை பேர்.


திருமுறை வகுப்பு (ஜார்ஜ்டவுன்)

“இனி என்ன காப்பு” என்று மாமியார் கேட்கிறாரே, அதற்கு அப்பரைத்தான் சொல்ல வேண்டும். காளவாய், நஞ்சு கலந்த பால்சோறு, மிதிக்க வந்த யானை, கல்லில் கட்டிக் கடலில் போட்டது என்று நான்கிலும் தப்பித்தவர். யானை வந்தபோது அவர் பாடியதில் ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை’ என்ற வரி பாட்டுக்குப் பாட்டு வரும். ஆனால் முதன்முதலில் அவரைப் பிடித்த சூலை நோய் யார் தந்தது? சிவனே தந்தது, தம்பி திரும்பி வர வேண்டும் என்று திலகவதியார் வேண்டியதால். தாங்க முடியாத அந்த வயிற்று வலி அவரை அக்காவின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆகவே வலி என்றால் உடனே கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம் என்று அவர் வாழ்க்கையே சொல்கிறது.

அப்படிப்பட்டவர் கடைசியில் திருப்புகலூரில், 81 வயதில் என்று சொல்வது மரபு, ‘என்னை இன்னும் காப்பாற்று’ என்று கேட்கவில்லை. ‘உன்னடிக்கே போதுகின்றேன்’ என்று பாடினார். ஆறாம் திருமுறை, 99-வது பதிகம். உன் காலடிக்கே வருகிறேன் என்று அவராகவே கிளம்புகிறார். நாலு ஆபத்திலும் உயிரைக் காத்தவனிடமேதான் உயிரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். காத்த கையும் வாங்கிக்கொள்ளும் கையும் வேறில்லை. மாமியாருக்கு இதை ஒரு நாள் மாலை, இருமல் அடங்கி இருக்கும்போது, கதையாகச் சொல்லுங்கள். உபதேசமாகச் சொல்ல வேண்டாம். யானைக் கதையை முதலில் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு அது பிடிக்கும். புகலூரை அவரே கேட்கும்போது சொல்லலாம்.


பிறைநிலா (பட்டர்வொர்த்)

யானைக் கதை இன்றைக்கே சொல்கிறேன். மகனுக்கு அந்த ‘தும்மல் இருமல்’ பாட்டை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தமிழ் படிப்பான், ஆனால் பழைய சொற்கள் வந்தால் விட்டுவிடுகிறான்.


திருமுறை வகுப்பு (ஜார்ஜ்டவுன்)

தாள் ஒன்றில் நாலு வரியையும் சொல் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போழ்து என்றால் பொழுது, இம்மை என்றால் இந்தப் பிறவி, அம்மை என்றால் அடுத்தது. இந்த மூன்று பொருளை ஓரத்தில் எழுதினால் போதும், மற்றது அவனுக்கே புரியும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹெல்மெட் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். நாளுக்கு ஒரு வரி. ஐந்தாம் நாள் நாலும் சேர்த்து. பட்டையைப் பூட்டுவதற்கு முன் சொல்லட்டும். பூட்டிய பிறகு இரண்டு விரல் விட்டுப் பார்க்கட்டும்.